யானையும் தனி ராஜாவும்

யூஜின் பலகையில் மூன்றே மூன்று காய்களை வைத்துவிட்டு, "ம், உக்காரு" என்றபோது லூசிக்கு உட்காரவே பயமாக இருந்தது. அவர் பக்கம் வெள்ளை ராஜாவும் ஒரு யானையும். அவள் பக்கம் வெறும் கறுப்பு ராஜா. துணைக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிலையை அவர் அவளுக்கு வைத்ததே கிடையாது. வைக்கவும் மாட்டார். இதில் ஆட்டம் என்று சொல்ல என்ன இருக்கிறது? யானை வைத்திருப்பவர் தனி ராஜாவை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், தாக்குதலுக்குத் தப்ப இடமில்லாமல் மேட் வைத்துவிடலாம். சதுரங்கம் பழகுகிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற சமாச்சாரம். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் யூஜின் இதைத் தூக்கத்திலேயே ஆடிவிடுவார் என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள்.

அந்த வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு மூன்று மரக்காய்களைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை ஏன் பயப்பட வேண்டும் என்று தோன்றும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில்தான் இல்லை? சில வீடுகளில் தட்டு பறக்கும். சில வீடுகளில் ஒரு வாரத்துக்குப் பேச்சு நின்றுபோகும். யூஜின் வீட்டில் பலகை வெளியே வரும். கல்யாணமான புதிதில் அவர் அவளுக்குச் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொடுத்தார். அவளுக்கோ முழு ஆட்டம் ஆடப் பொறுமை இல்லை. "இத்தன காய வெச்சிக்கிட்டு எப்பங்க முடிக்கிறது? அடுப்புல கறி கிடக்கு" என்று எழுந்துவிடுவாள். சரி என்று அவர் கடைசிக் கட்டத்தை மட்டும் எடுத்து வைக்க ஆரம்பித்தார். நாலைந்து காய்தான். அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் மிச்சக்காய் ஆட்டம்.

அது எப்போது பஞ்சாயத்து ஆனது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. அவர் பக்கம் கொஞ்சம் பலம் கூட இருக்கும், அவள் பக்கம் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவர் ஜெயித்தால் அவர் சொன்னது நடக்கும். அவள் தோற்காமல் டிராவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அவள் சொன்னது நடக்கும். ரெங்கம் ஊரை விட்டு மாசாய்க்குக் குடிவந்தது அவர் ஜெயித்த ஆட்டம். மகள் எலைனைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பியது லூசி டிரா செய்த ஆட்டம். தொழிற்சாலையை விட்டுவிட்டு ஸ்கூல் வேன் வாங்கலாம் என்று முடிவானதுகூடப் பலகையில்தான்.

எந்த நிலையை வைப்பது என்பது அவர் உரிமை. ஆனால் அதில் மனுஷன் நியாயஸ்தர். அவள் கவனமாக ஆடினால் பிழைக்க ஒரு வழி இருக்கும்படியாகத்தான் வைப்பார். இதனாலேயே லூசி டிரா செய்வதில் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டாள். ஜெயிக்கத் தெரியாது, ஆனால் போகப் போகத் தோற்கவும் மறந்துவிட்டாள். "எம் பொண்டாட்டிய அடிக்கவே முடியாது லா. எப்படியாச்சும் டிராவுல கொண்டாந்து நிப்பாட்டிடுவா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்டவர் இன்றைக்குத் தனி ராஜாவை வைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால், "இது என்னா கூத்து, ஒழுங்கா வைங்க" என்று பலகையைத் திருப்பிவிட்டிருப்பாள். இன்று பலகையைத் தொடவில்லை. ஏமாற்றப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இதற்கு மேல் ஒரு காய் கூடிவிட்டால் தன்னால் ஆட முடியாது என்று அவரே பயந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

பலகைக்குப் பக்கத்தில் வேன் சாவி கிடந்தது. சண்டையே அதைப் பற்றித்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வழக்கம்போல வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்க அவளும் தினம் கூடப் போவாள். பின்னால் வண்டி நிறையச் சத்தம். சிக்னலில் பச்சை விழுந்தது. யூஜின் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "என்னங்க, பச்ச" என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்; தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு வண்டியை எடுத்து, இடதுபக்கம் போவதற்குப் பதில் எதிர்ச்சாரிக்குள் நுழைத்துவிட்டார். கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று நேர் எதிரே வந்தது. அவள் எப்படிப் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேன் புல்தரையில் ஏறி நின்றது. பிள்ளைகள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "லூசி, நாம எங்க போறோம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது; அன்று அவள்தான் வழி சொல்லிச் சொல்லிப் பள்ளிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். மத்தியானம் அவர் பழையபடி ஆகிவிட்டார். "ராத்திரி தூக்கமில்ல, அவ்ளோதான். இதப் போய்ப் பெருசு பண்ணாத" என்றார். டாக்டரைப் பார்ப்போம் என்றால், "அங்க போனா லைசென்ஸ்ல கை வெச்சிடுவாங்க" என்று எகிறினார். சனிக்கிழமை முழுக்க இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு முடித்ததும், "சரி, பலகைய எடு" என்றார்.

"நான் ஜெயிச்சா நாளைக்கு வண்டி எடுப்பேன். நீ வாயே தொறக்கக் கூடாது. டிரா ஆச்சுன்னா சாவி உங்கிட்ட. நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன். சரியா?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டாள். எத்தனையோ டிரா பார்த்தவளுக்கு இன்னொரு டிரா என்ன பெரிது என்ற துணிச்சல். ஊரார் பிள்ளைகளின் உயிரைப் பலகையில் வைத்து ஆடலாமா என்று அவளுக்கு உறைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. காய்களை அவர் வைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. முதல் சில நகர்த்தல்களில் பழைய யூஜினே வந்து உட்கார்ந்துவிட்டார். யானை நேர்க்கோட்டில்தான் போகும். முன்னும் பின்னும், இடமும் வலமும். அந்த யானையைக் கொண்டுவந்து அவளுடைய ராஜாவுக்கு மேலே ஒரு வரிசை முழுவதையும் வேலி போட்டு அடைத்தார். அவள் ராஜா அதைத் தாண்ட முடியாது. அடுத்து அவர் தன் ராஜாவை நிதானமாக அருகில் நடத்திக்கொண்டு வந்தார். லூசிக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியானால் ஒன்றுமில்லை, தூக்கமில்லாததுதான், மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார். மறு நொடியே அந்த நிம்மதி போய்விட்டது. இவர் ஜெயித்தால் நாளைக்கு வண்டி எடுப்பார். ஜெயிக்கவில்லை என்றால் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், "மாதாவே, மாதாவே" என்று பாதி ஜெபத்தோடு நின்றுவிட்டாள்.

பிறகு அவர் வேலியாக நின்ற யானையைத் தூக்கினார். தூக்கியவர் வைக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தும் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. கடைசியில் அதை எங்கோ சம்பந்தமில்லாத கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். வேலி போய்விட்டது. அவளுடைய ராஜா தாராளமாக வெளியே வந்து பலகையின் நடுவில் நின்றது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நீ ஆடிட்டியா?"

"ஆடிட்டேங்க. உங்க ஆட்டம்."

"தெரியும் லா. சும்மா கேட்டேன்."

தெரியவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். யானை போனது, வந்தது, மறுபடி போன இடத்துக்கே போனது. வாசலில் யாரோ மோட்டோ பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்கள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, மீண்டும் பலகையைப் பார்த்தபோது முதன்முதலாக அதைப் பார்ப்பவர்போல இருந்தார். லூசிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட வந்தது. சொந்தப் புருஷனோடு சொந்த வீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவள் எங்கே ஓடுவாள்?

அப்போதுதான் அது நடந்தது. அவர் யானையை எடுத்து அவளுடைய ராஜாவுக்கு நேர் பக்கத்தில், துணை ஏதும் இல்லாமல், கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

லூசி பலகையை நெருங்கிக் குனிந்தாள். அவளுடைய ராஜா ஓர் அடி வைத்தால் யானை அவள் கையில். யானை போய்விட்டால் பலகையில் மிச்சம் இரண்டு ராஜாக்கள். யாரும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. டிரா. சாவி அவளுடையது. பிள்ளைகள் பிழைத்தன. வாழ்நாளெல்லாம் அவள் தேடித் தேடி, தோண்டித் தோண்டி எடுத்த டிராவை இன்று அவர் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். கை தானாகவே ராஜாவிடம் போனது.

போன கையோடு அவரை ஒரு தரம் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. அவர் முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு. அவளை ஒரு பொறியில் மாட்டிவிட்டால் உதட்டோரத்தில் ஒதுக்கிவைத்துக்கொள்வாரே, அதே சிரிப்பு. பிரமாதமாக ஆடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். அந்த முகத்துக்கு முன்னால் யானையைத் தூக்கி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ராஜாவை வேறு பக்கம் நகர்த்திவிட்டாள்.

நகர்த்திய பிறகுதான் உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டேன், பாவி! ஒரு சிரிப்பைக் காப்பாற்ற ஊரார் பிள்ளைகளை விற்றுவிட்டேனே! ஆனாலும் கை நிற்கவில்லை. ஓர் அசட்டு நம்பிக்கை அவளைப் பிடித்துக்கொண்டது. இவர் எப்படியாவது இதை முடித்துக்காட்டிவிட்டால், ஒருவேளை, உண்மையிலேயே இவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? சாப்பிட மறுக்கிற குழந்தைக்குத் தன் வாயைத் திறந்து காட்டி அதன் வாயைத் திறக்க வைப்பதுபோல அவளே தன் ராஜாவை ஓரத்துக்கு நடத்தினாள். அவருடைய ராஜா பின்னாலேயே வந்தது. கடைசி வரிசைக்கு வந்ததும் தப்பிக்க ஒரு பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் போகாமல் மூலைக்குள் போய் ஒடுங்கிக்கொண்டாள். டிராவுக்குப் பேர்போன லூசி, பிறந்ததிலிருந்து முதன்முறையாகத் தோற்பதற்காக ஆடினாள்.

இனி ஒரே ஓர் அடி. யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் போதும். செக்கும் அதுதான், மேட்டும் அதுதான். குருடர்கூடத் தடவிப் பார்த்து வைத்துவிடலாம்.

யூஜின் யானையை எடுத்தார். இறக்கவில்லை. நேராகக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்து, மூலையில் இருந்த ராஜாவுக்குக் கோணலாக ஒட்டி, தன் ராஜாவின் காவலில் வைத்தார்.

"மேட்!" என்று மேசையில் தட்டினார். காய்கள் ஆடின. "எப்படி? முடியாது முடியாதுன்னியே!"

சாவியை எடுத்து விரலில் சுழற்றினார். முகமெல்லாம் வெளிச்சம்.

லூசி பலகையைப் பார்த்தாள். அவளுடைய ராஜாவுக்கு நகர இடமில்லை. ஆனால் அதை எதுவும் தாக்கவும் இல்லை. செக் இல்லாமல் இப்படி அடைபட்டு நின்றால் ஆட்டம் டிரா. சதுரங்கத்தில் வெற்றியைக் கோட்டைவிடுவதற்கு இதைவிட மட்டமான வழி கிடையாது. யாராவது இப்படி ஆடினால் யூஜின் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அவளே கூட்டிக்கொண்டு வந்த வெற்றிதானே இது. ஆனால் சாவி அவர் விரலில் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த லோரியின் முகப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பின்சீட்டில் கைதட்டிய பிள்ளைகள் வந்தன.

"என்னங்க... செக் எங்க இருக்கு?"

"என்னா?"

"என் ராஜாவுக்கு யாரு செக்கு?"

"அலமாக், கண்ணு தெரியல உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். "இந்தா பாரு, யானை." விரலை யானையின் தலையில் வைத்தார். அங்கிருந்து கோணலாக, மூலையில் இருந்த கறுப்பு ராஜா வரைக்கும், மெதுவாக இழுத்தார். "இதோ. செக்."

லூசி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரல் ராஜாவின் மேல் இருந்தது. திரும்ப யானைக்குப் போனது. மறுபடி கோணலாக வந்தது. பாதியில் நின்றது. சிரிப்பு எப்போது போனது என்று அவள் பார்க்கவில்லை, பார்த்தபோது இல்லை.

"லூசி."

"சொல்லுங்க."

"யானை இப்படிப் போவாதுல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். "நேராத்தாங்க போவும்."

"நேராத்தான்" என்று அவரும் சொன்னார். புதிதாக ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்கிறவர்போல இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தார். பலகையிலிருந்து விரலை எடுத்தார். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்கு லூசி. வெள்ளிக்கிழமையிலேர்ந்தே பயமாத்தான் இருக்கு. அதான் இந்த லேசான ஆட்டத்த வெச்சேன். இதயாவது..."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். மூன்று நாளாக அவள் நெஞ்சுக்குள் பூட்டிவைத்திருந்தது அது. சொன்னதும் பயம் குறைந்துவிடவில்லை. எழுந்துபோய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குள்தான் சாவி இருந்தது. விரல்களை அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் செய்த எத்தனையோ டிராக்களில் இந்த ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

லூசி போனை எடுத்தாள். நாளைக்குக் காலையில் வாசலில் நிற்கப்போகிற பிள்ளைகளின் வீடுகளுக்குச் சொல்லியாக வேண்டும். முதலில் சாந்தினியை அழைத்தாள். பெக்கான் நானாஸ் ஊரிலிருந்து வந்து அடுத்த தெரு அடுக்குமாடியில் குடியிருப்பவள். தொழிற்சாலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன் கிளம்பிவிடுவாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் யூஜினின் வேனை நம்பித்தான்.

"சாந்தினி, ஆன்ட்டி பேசுறேன்மா. நாளைக்கு நம்ம வேன் வராது. பிள்ளைங்களுக்கு வேற ஏற்பாடு பாத்துக்கம்மா."

"ஏன் ஆன்ட்டி? என்னா ஆச்சு?"

லூசி பலகையைப் பார்த்துக்கொண்டே, "வேன் ரிப்பேரும்மா. ஒர்க்‌ஷாப்ல விட்ருக்கு" என்றாள். வேறு என்ன சொல்வது? இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய மனுஷனைப் பற்றி ஊரில் என்ன சொல்வது?

பக்கத்திலிருந்து யூஜின் தலையை நிமிர்த்தினார்.

"பொய் சொல்லாத லூசி" என்றார். "வேன் நல்லாத்தான் இருக்கு. யானை எப்படிப் போவும்னு எனக்கு மறந்துபோச்சுன்னு சொல்லு. பிள்ளைங்கள நம்மள நம்பி அனுப்புறவ, அவளுக்குத் தெரியணும்."

"அங்கிள் என்னா சொல்றாரு ஆன்ட்டி?" என்றாள் சாந்தினி.

லூசி அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.